சைக்கிள் தடம்: பழுது எப்போதும் மூட்டில்தான்

நகர மையத்தில் சைக்கிளுக்குத் தனித் தடம் போடுவது என்று முடிவானால், முதலில் வரைவது சாலையின் குறுக்குவெட்டுப் படத்தைத்தான். நடைபாதைக்கு இவ்வளவு, சைக்கிளுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு, ஓரத்தில் நாலு மரம். படம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆள் அடிபடுவது அந்தப் படத்தில் வராத இடங்களில். தடம் ஜங்ஷனைத் தொடும் இடம், பஸ் நிறுத்தத்தைக் கடக்கும் இடம், சரக்கு வண்டி ஒதுங்கும் இடம், ஒன்றும் சொல்லாமல் தடம் முடிந்துபோகும் இடம். ஒரு ஸ்டேஷனில் எடுத்து ஓட்டி இன்னொன்றில் விட்டுப்போகும் பகிர்வு சைக்கிளிலும் அப்படித்தான். ஓட்டும் நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் புகார் சொல்வதில்லை. எடுக்கப் போனால் வண்டி இல்லை, விடப் போனால் இடமில்லை. தகராறெல்லாம் அந்த இரண்டு முனைகளில்.

ஆகவே காசும் கவனமும் முதலில் இந்த மூட்டுகளுக்கு, அதாவது சேரும் இடங்களுக்கும் முனைகளுக்கும், போக வேண்டும். நடுவிலுள்ள நேர்ப்பகுதியை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது: சுலபமான 2 கி.மீ. முதலில் முடிகிறது, ஜங்ஷன் ‘அடுத்த கட்டம்’ என்று தள்ளிப்போகிறது, அந்த அடுத்த கட்டம் வருவதே இல்லை.

எந்தத் தெருவுக்குத் தடம் வேண்டும்?

எல்லாத் தெருவுக்கும் வேண்டாம். வேகம் 30 கி.மீ.க்குள் அடங்கி, நாளொன்றுக்கு 2,500 மோட்டார் வண்டிகளுக்குள் ஓடும் தெருவில் சைக்கிளும் காரும் கலந்தே போகலாம். பிரிட்டன் 2020-ல் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டியும், நெதர்லாந்துக்காரர்கள் வெகுகாலமாகக் கையாளும் கணக்கும் இந்த எண்ணை ஒட்டியே நிற்கின்றன. அப்படிப்பட்ட தெருவில் தடம் போடச் செலவழிப்பதைவிட, குறுக்குவழியாக நுழையும் கார்களை ஒரு மலர்த்தொட்டியோ ஒருவழிப் பலகையோ வைத்துத் திருப்பிவிடுவது மலிவு, பலனும் கூடுதல். வண்டிகளின் எண்ணிக்கையோ வேகமோ அதைத் தாண்டினால் பிரித்தே ஆக வேண்டும். இரண்டையும் எண்ணிப் பார்க்காமல் ‘அகலமான சாலையாயிற்றே, இங்கே போடலாம்’ என்று இறங்கினால், தேவையில்லாத இடத்தில் தடமும் தேவையான இடத்தில் வெறும் பெயின்ட் கோடும்தான் மிஞ்சும்.

பெயின்ட் கோட்டைத் தடம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். குறிப்பாக, ஓரமாக நிற்கும் கார்களை ஒட்டி 1.2 மீ. அகலத்தில் போடும் கோடு உதவி செய்வதில்லை, உபத்திரவம்தான் செய்கிறது. கார்க்கதவு முழுசாகத் திறந்தால் ஏறக்குறைய 1 மீ. வெளியே நீளும். கோட்டுக்குள் ஒழுங்காக ஓட்டுகிறவர் சரியாகக் கதவு திறக்கும் இடத்திலேயே ஓட்டுகிறார். கோட்டை மதிக்காமல் வெளியே ஓட்டுகிறவர் தப்பிக்கிறார். இதற்கு மாற்று எளிது: பார்க்கிங்கையும் தடத்தையும் இடம் மாற்றுங்கள். நடைபாதை, அடுத்து சைக்கிள் தடம், அடுத்து ஒரு இடைவெளிப் பட்டை, அதற்கப்பால் நிறுத்திய கார்கள். நியூயார்க்கின் ஒன்பதாவது அவென்யூவில் 2007-ல் இப்படி மாற்றினார்கள். நிற்கும் கார்களே சுவராகிவிட்டன. இடைவெளிப் பட்டையைத் தியாகம் செய்துவிடக் கூடாது. 90 செ.மீ. இருந்தால் நிம்மதி. அதைக் குறைத்தால் கதவுப் பிரச்சினை பக்கம் மாறி அப்படியே திரும்பி வந்துவிடும்.

அகலம்

சைக்கிள் ஹேண்டில் 60 முதல் 75 செ.மீ. இருக்கும். யாரும் நூல் பிடித்தாற்போல் ஓட்டுவதில்லை என்பதால் அசைவையும் சேர்த்து ஓர் ஆளுக்கு 1 மீ. என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவழித் தடத்துக்கு 2 மீ. என்பது அங்கிருந்து வருகிறது: ஒருவர் போகும்போது இன்னொருவர் முந்திப் போக முடிய வேண்டும். கூட்ட நேரத்தில் மணிக்கு 200 சைக்கிளுக்கு மேல் போனால் 2.2 மீ., 800-ஐத் தாண்டினால் 2.5 மீ. என்று பிரிட்டன் வழிகாட்டி சொல்கிறது. இருவழித் தடம் 3 மீ.; மணிக்கு ஆயிரத்துக்கு மேல் என்றால் 4 மீ.

இந்த எண்கள் ‘பயன்படும் அகலத்தை’ச் சொல்பவை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஓரக்கல் 6 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் பெடல் தட்டாது, விளிம்புவரை ஓட்டலாம். 6 முதல் 15 செ.மீ. உயரக் கல் என்றால் அந்தப் பக்கம் 20 செ.மீ. போய்விட்டது என்று கொள்ளுங்கள். பெடல் இடிக்கும் என்ற பயத்திலேயே ஆள் விலகி ஓட்டுவார். இடுப்பளவுச் சுவரோ வேலியோ இருந்தால் அரை மீட்டர் போச்சு. இரண்டு பக்கமும் வேலி வைத்த 2 மீ. தடம் உண்மையில் 1 மீ. தடம்தான். பாதுகாப்பு என்று நினைத்து வைக்கும் கம்பிவேலி பல இடங்களில் தடத்தைப் பாதியாக வெட்டிவிடுகிறது.

இடமே இல்லாத நெருக்கடியில் 1.5 மீ.க்கு இறங்கலாம், சில பத்து மீட்டருக்கு மட்டும். தெரு முழுக்க 1.5 மீ. போட்டால் சரக்கு சைக்கிள், மூன்று சக்கர வண்டி, பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து மெதுவாக ஓட்டுகிறவர் என யார் முன்னால் போனாலும் பின்னால் ஊர்வலம்தான். அவசரக்காரர் கார் ஓடும் பக்கம் இறங்கிவிடுவார். பிறகு ‘தடம் போட்டுக் கொடுத்தும் பயன்படுத்த மாட்டேன் என்கிறார்கள்’ என்ற பேச்சு கிளம்பும்.

ஒருபக்கம் இருவழியா, இருபக்கமும் ஒருவழியா?

சாலையின் ஒரே பக்கத்தில் இருவழித் தடம் போடுவது மலிவு. தடுப்பு ஒரு வரிசை போதும், பார்க்கிங் ஒரு பக்கம் மட்டும் போகும். ஸ்பெயினின் செவில் நகரம் 2006, 2007-ஐ ஒட்டி இந்த வழியில்தான் ஏறக்குறைய 80 கி.மீ. வலைப்பின்னலை ஒரே மூச்சில் கட்டியது. பெயரளவுக்கு இருந்த சைக்கிள் பயணம் சில வருடங்களிலேயே நகரத்தின் அன்றாடத்தில் கண்ணுக்குத் தெரியும் பங்காயிற்று. அங்கே தடத்தின் அகலத்தைவிட முக்கியமாக இருந்தது, எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது. துண்டு துண்டாக 80 கி.மீ. போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இருவழித் தடத்தின் விலை ஜங்ஷனில் தெரியும். பக்கத் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு வரும் ஓட்டுநர், வண்டிகள் வரும் பக்கம்தான் பார்ப்பார்; எதிர்ப்பக்கத்திலிருந்து சைக்கிள் வரும் என்று அவர் கழுத்து எதிர்பார்க்காது. அதனால் ஒரு பக்கத்தில் ஆறு, பூங்கா, ரயில் பாதை, நீண்ட மதில் என்று பக்கத் தெருக்களே இல்லாத சாலையில் இருவழித் தடம் நன்றாக வேலை செய்யும். ஐம்பது அடிக்கு ஒரு சந்து பிரியும் கடைத்தெருவில் வேண்டாம். இன்னொன்று: இருவழித் தடம் முடியும் இடத்தில் பாதிப் பேர் சாலையின் தப்பான பக்கத்தில் நிற்பார்கள். அவர்கள் மறுபக்கம் போக சிக்னலோடு ஒரு குறுக்குக் கடப்பு வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காவிட்டால் இருவழித் தடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எதை வைத்துப் பிரிப்பது?

முதல் வருடம் எல்லாவற்றையும் கான்கிரீட்டில் கட்ட வேண்டியதில்லை. வளையும் பிளாஸ்டிக் கம்பம், போல்ட் அடித்த ரப்பர் மேடு, நகர்த்தக்கூடிய கான்கிரீட் கட்டை, மண் நிரப்பிய தொட்டி ஆகியவற்றில் தொடங்கி, ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாகக் கட்டுவது நல்ல வழி. கொரோனா காலத்தில், 2020-ல், பொகோட்டாவும் பெர்லினும் பாரிசும் கூம்பும் பெயின்ட்டும் தற்காலிகத் தடுப்பும் வைத்தே கிலோமீட்டர் கணக்கில் தடம் திறந்தன. பாரிசில் அவற்றில் பல பிறகு நிரந்தரமாயின.

ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வளையும் கம்பத்தை 5, 6 மீ. இடைவெளியில் நட்டால் நடுவில் ஒரு கார் சுகமாக நுழைந்து நின்றுவிடும், 3 மீ.க்குள் நட்டால் கார் திரும்பி நுழைவது கஷ்டம். கம்பம் வளைவதற்கே செய்யப்பட்டது, ஓட்டுநர்களும் அதைச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். ஆண்டில் எத்தனை கம்பம் ஒடியும் என்று கணக்கிட்டு, மாற்றுக் கம்பத்தைக் கிடங்கில் வைத்திருங்கள். ஒடிந்த கம்பத்தின் அடித்தட்டு மட்டும் தரையில் மிஞ்சினால் அதுவே சைக்கிள்காரரைக் கவிழ்க்கும். தாழ்வான ரப்பர் மேடுகளை மக்கள் நடந்து கடக்கும் இடத்தில் வைக்காதீர்கள், இருட்டில் தடுக்கி விழுவார்கள். தொட்டியென்றால் செடியைச் சைக்கிள் ஓட்டுகிறவரின் தோள் உயரத்துக்கு வளரவிடக் கூடாது. ஜங்ஷனுக்கு முன் வைக்கும் தொட்டி, குழந்தையையும் தாழ்வான சைக்கிளையும் ஓட்டுநரின் கண்ணிலிருந்து முழுக்க மறைத்துவிடும்.

நிரந்தரக் கட்டுமானத்தில் எனக்குப் பிடித்தது கோபன்ஹேகன் முறை: கார் ஓடும் தளத்திலிருந்து ஒரு படி மேலே சைக்கிள், அதிலிருந்து இன்னொரு படி மேலே நடைபாதை. யார் இடம் எது என்று பலகை இல்லாமலே தெரியும். நடைபாதைப் பக்கத்து ஓரக்கல்லைச் சாய்வாக, தாழ்வாக வையுங்கள். சக்கரம் உரசினால் ஏறிப் போய்விடும், ஆள் விழமாட்டார். கார்ப் பக்கத்துக் கல் நேராக நிற்கட்டும்.

தடத்தின் நுழைவில் கார் வராமலிருக்கக் கம்பம் நடுவதானால் இடைவெளி 1.5 மீ. அதற்கு மேல் சிறிய கார் நுழைந்துவிடும், கீழே போனால் சரக்கு சைக்கிளும் சக்கர நாற்காலியும் சிக்கும். கம்பத்தில் ஒளிர்பட்டை கட்டாயம். முன்னால் போகிறவரின் முதுகுதான் பின்னால் வருகிறவருக்குத் தெரியும். அவர் சட்டென்று விலகியதும் கண்முன் கம்பம் நிற்கும். எனவே கம்பத்துக்கு முன்னும் பின்னும் தரையில் கோடு இழுத்து எச்சரிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்: மோட்டார் சைக்கிளை எந்தக் கம்பமும் தடுக்காது. சரக்கு சைக்கிள் நுழையும் சந்தில் ஸ்கூட்டர் நிச்சயம் நுழையும். அதைத் தடுக்க வளைவும் நெளிவுமாகக் கம்பி வைத்தால் முதலில் மாட்டிக்கொள்வது மூன்று சக்கரமும் சக்கர நாற்காலியும். இங்கே வேலைக்கு ஆவது கண்காணிப்பும் அபராதமும்தான். கொஞ்சம் சாலை வடிவமும் உதவும்: தடம் ஜங்ஷனில் விலகி வளைந்து, சிக்னலும் தனியாக இருந்தால், குறுக்குவழி என்ற கவர்ச்சி மோட்டார் சைக்கிளுக்குக் குறைந்துவிடும்.

தரை

கார் ஓட்டுகிறவர் கவனிக்காத அரை அங்குலம் சைக்கிளுக்குப் பெரிய விஷயம். தளத்தின் இணைப்பு சைக்கிள் போகும் திசையிலேயே நீளவாக்கில் ஓடி, ஒரு பக்கம் ஒரு செ.மீ. உயர்ந்திருந்தால் முன்சக்கரம் அதில் உரசி ஓடி, ஹேண்டில் கையை மீறித் திரும்பும். குறுக்கே இருக்கும் அதே உயரம் வெறும் ‘டக்’ என்ற குலுக்கல்தான். அதனால் பழைய சாலையும் புதுத் தடமும் சேரும் கோடு சைக்கிள் சக்கரம் ஓடும் வழியில் விழாதபடி வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர் மூடியின் கம்பிகள் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் ஒல்லி டயர் இறங்கிவிடும். மூடியைத் திருப்பிப் போடும் வேலைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் யாராவது சொன்னால்தான் செய்வார்கள். டிராம் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் 90 பாகைக்கு அருகிலும், குறைந்தது 60 பாகையிலும் கடக்கும்படி தடத்தை வளையுங்கள். மழையில் ஈரத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடப்பது போலச் சறுக்கல் வேறில்லை.

தடுப்புக் கல்லை ஒரே நீளமாக வைத்தால் மழைநீர் தேங்கித் தடம் வாய்க்காலாகும். தாழ்ந்த இடங்களில் இடைவெளி விடுங்கள். குப்பையையும் நினைவில் வையுங்கள். கார்களின் டயரே சாலையை ஓரளவு கூட்டிவிடுகிறது, ஜல்லியும் கண்ணாடித்தூளும் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. அந்த ஓரம்தான் இப்போது உங்கள் சைக்கிள் தடம். கூட்டும் இயந்திரம் நுழையாத அகலத்தில் தடம் போட்டுவிட்டு, யார் கூட்டுவது என்று திறப்பு விழாவுக்குப் பிறகு யோசிப்பவர்கள் அதிகம். இயந்திரத்தின் அகலத்தை முதலில் அளந்துவிட்டு, பிறகு தடத்தை வரையுங்கள்.

ஜங்ஷன்

18 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் 5 மீ. கடக்கும். பக்கத்தில் போகும் கார் அதை முந்துகிறது. நான்கு நொடி கழித்து நடைபாதைப் பக்கமாக உள்ள தெருவுக்குள் திரும்ப வேகத்தைக் குறைக்கிறது. ஓட்டுநரைப் பொறுத்தவரை சைக்கிள் ‘பின்னால் விட்டுவந்த’ ஒன்று. உண்மையில் அந்த நான்கு நொடியில் சைக்கிள் 20 மீ. வந்துவிட்டது, இப்போது காரின் பின்கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடியிலும் தெரியாத கோணத்தில் இருக்கிறது. தடம் சாலையை ஒட்டி நேராகவே ஜங்ஷனைக் கடந்தால், ஓட்டுநர் தோளுக்குப் பின்னால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு.

தடத்தை ஜங்ஷனுக்குச் சற்று முன்பே வெளிப்பக்கமாக வளைத்து, 5 மீ. போல, அதாவது ஒரு காரின் நீளத்துக்கு, விலக்கிக் கடக்கவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். கார் பெரும்பாலும் திரும்பி முடித்த பிறகுதான் தடத்தைச் சந்திக்கும், சைக்கிள் பக்கவாட்டு ஜன்னலில் நேராகத் தெரியும். அடுத்து, வழிவிட நிற்கும் காருக்கு நிற்க இடமிருக்கும். பின்னால் நேராகப் போகும் வண்டிகள் ஹாரன் அடித்து அவசரப்படுத்தாது. சிக்னல் இல்லாத பக்கத் தெருக்களில் 2 முதல் 5 மீ. விலகிய கடப்புகளில் விபத்து குறைவு என்று நெதர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று காட்டுகிறது. அதிகமாக விலக்கினாலும் தப்பு. 15 மீ. உள்ளே தள்ளினால், ஓட்டுநர் திருப்பத்தை முடித்து வேகமெடுத்துவிட்டிருப்பார்.

மூலையில் வைக்கும் சிறிய தீவுதான் இந்த அமைப்பின் உயிர். அது காரை இறுக்கமாகத் திரும்ப வைக்கும், வேகம் தானாக இறங்கும். அதே தீவு, சிவப்பில் நிற்கும் சைக்கிள்காரரை லாரி டயரிலிருந்து மறைத்து, காருக்கு முன்னால், ஓட்டுநர் பார்வைக்குள் நிறுத்தும். ‘லாரியும் தீயணைப்பு வண்டியும் எப்படித் திரும்பும்?’ என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. தீவின் வெளிவிளிம்பைத் தாழ்வாக, சொரசொரப்பான கல்லில் கட்டுங்கள்; பெரிய வண்டி அதன்மேல் ஏறித் திரும்பும், கார் ஏறத் தயங்கும். லாரியின் பின்சக்கரம் உள்வட்டமாக வெட்டிப் போகும் என்பதால், சைக்கிள் நிற்கும் இடம் அந்த வெட்டுக்குள் விழக்கூடாது. இதைக் கணினிப் படத்தோடு விடாமல், ஒரு விடுமுறை நாளில் கூம்பு வைத்து நிஜ லாரியை ஓட்டிப் பார்த்துவிடுவது உத்தமம்.

சிக்னலில் சைக்கிளுக்கு நாலைந்து நொடி முன்னதாகப் பச்சை கொடுப்பது பரவலான வழக்கம். நல்லதுதான், ஆனால் அது சிவப்பில் காத்து நின்றவருக்கு மட்டும் உதவும். பச்சை பாதி ஓடிய பிறகு வேகமாக வந்து சேர்பவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை, பெரிய மோதல்கள் நடப்பதும் அவருக்குத்தான். திரும்பும் வண்டிகள் அதிகமென்றால் சைக்கிளுக்கும் அவற்றுக்கும் தனித்தனி நேரம் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கு: ஒருவழித் தடத்தைக் கடந்து நடைபாதைப் பக்கமாகத் திரும்பும் வண்டிகள் மணிக்கு 150-ஐத் தாண்டினால் நேரத்தைப் பிரி, இருவழித் தடமென்றால் 100.

மஞ்சளையும், அதற்குப் பின் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் நேரத்தையும் காரின் வேகத்துக்கு வைத்திருப்பார்கள். 30 மீ. அகல ஜங்ஷனை நின்ற நிலையிலிருந்து கிளம்பும் சைக்கிள் கடக்க 8 நொடி வரை ஆகும். பச்சையின் கடைசி நொடியில் புறப்பட்டவர் நடுவில் இருக்கும்போதே குறுக்கே பச்சை விழுந்துவிடும். இதைத் திருத்த சிக்னல் பெட்டியில் எண்ணை மாற்றினால் போதும், ஒரு பைசா கட்டுமானச் செலவில்லை. அதேபோல, சைக்கிளுக்கான சிவப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டால் ஆட்கள் மீறத் தொடங்குவார்கள். அது ஒழுக்கக்கேடு என்று திட்டுவதைவிட சுற்று நேரத்தைக் குறைப்பது பயன் தரும். கோபன்ஹேகனின் நொர்ரெப்ரோகேட் சாலையில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் வரிசையாகப் பச்சை கிடைக்கும்படி சிக்னல்களைக் கோத்திருக்கிறார்கள். மீற வேண்டிய அவசியமே வருவதில்லை.

சிறிய பக்கத் தெருக்களில் சிக்னல் தேவையில்லை. நடைபாதையையும் தடத்தையும் அதே உயரத்தில், அதே தளப்பொருளில், தெருவின் வாயைத் தாண்டி ஓடவிடுங்கள். கார்தான் மேடேறி இறங்க வேண்டும். பச்சையோ சிவப்போ பெயின்ட் அடித்துவிட்டுத் தளத்தைத் தாழ்வாகவே விட்டால், மழைக்காலம் முடிவதற்குள் பெயின்ட்டும் போகும், மரியாதையும் போகும். கடப்புக்கு முன்னால் 10 மீ. பார்க்கிங்கை எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் மறுநாளே ஒரு வேன் நிற்கும். அங்கே காரின் ஜன்னலை மறைக்காத உயரமுள்ள எதையாவது வையுங்கள். சைக்கிள் நிறுத்தும் வளையக் கம்பிகள் அதற்கென்றே பிறந்தவை.

பஸ் நிறுத்தமும் சரக்கு வண்டியும்

தடத்தை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸுக்கும் தடத்துக்கும் நடுவில் பயணிகள் நிற்கும் தீவு. தீவின் அகலம் குறைந்தது 2.5 மீ. இருந்தால்தான் பஸ்ஸின் சாய்தளம் இறங்கி சக்கர நாற்காலி திரும்ப முடியும். தடம் அந்த இடத்தில் குறுகி, நடைபாதை மட்டத்துக்கு உயர்ந்து, கடப்புக் கோட்டோடு இருக்கட்டும். பார்வையில்லாதவர்களுக்கு இந்த அமைப்பு உண்மையிலேயே சிரமம் தருகிறது, சைக்கிள் சத்தமில்லாமல் வரும். தொட்டுணரும் தரைக்கற்களைக் கடப்பின் இரு பக்கமும் பதித்து, வடிவத்தை அவர்களோடு நடந்து பார்த்து முடிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தீவில் 80 செ.மீ. அகலம்தான் கிடைக்கிறதென்றால் இதைக் கட்டாதீர்கள். நிறுத்தத்தை 50 மீ. நகர்த்தப் பாருங்கள்.

கடைக்காரர்கள் தடத்தை எதிர்ப்பது பெரும்பாலும் சரக்கு இறக்கும் கவலையில்தான். வரைபடம் போடும் முன்பே ஒரு வாரம், எந்தக் கடைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு பெரிய வண்டி வருகிறது என்று ஓர் ஆளை நிறுத்திக் குறித்துவிடுங்கள். அதை வைத்துத் தடத்துக்கு வெளியே, கார் பக்கத்தில் சரக்கு இடம் குறியுங்கள்; தடத்தைக் கடக்கத் தள்ளுவண்டிக்குச் சரிவு வையுங்கள். சரக்கு இடம் ஒதுக்காத தெருவில் லாரி தடத்துக்குள்தான் நிற்கும், அங்கே ஒரு லாரி நின்றால் தடம் முழுவதும் செத்துவிட்டது என்று பொருள்.

பகிர்வு சைக்கிள்

ஆம்ஸ்டர்டாமில் 1965-ல் வெள்ளை பெயின்ட் அடித்துத் தெருவில் பூட்டில்லாமல் விட்ட சைக்கிள்கள் நிலைக்கவில்லை. கோபன்ஹேகனில் 1995-ல் காசு போட்டு எடுக்கும் முறை வந்தது. காசு கொடுத்தவர் யாரென்று தெரியாததால் திருட்டு நிற்கவில்லை. எடுத்தவரின் அடையாளம் பதிவாகும் அட்டை முறை வந்த பிறகே இது பெரிய அளவில் ஓடத் தொடங்கியது: 2005-ல் லியோன், 2007-ல் பாரிசும் பார்சிலோனாவும் செவிலும்.

பெரும்பாலும் சொதப்புவது அடர்த்தியில். 50 ஸ்டேஷனுக்குத்தான் பணம் என்றால் நகரம் முழுக்கத் தூவத் தோன்றும். எல்லா வட்டாரத்துக்கும் ஒன்று கொடுத்த திருப்தி. பயன் பூஜ்யம். ஸ்டேஷன்களுக்கிடையே 300 மீ., சதுர கி.மீ.க்கு 10 முதல் 16 ஸ்டேஷன், பூட்டும் இடங்கள் சைக்கிளைப் போல் இரண்டு மடங்கு என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 300 மீ. என்பது நடக்க நான்கு நிமிடம். போய்ச் சேர்ந்த ஸ்டேஷன் நிரம்பியிருந்தால் அடுத்ததற்குப் போய்விட்டுத் திரும்பி நடக்க அதுதான் எல்லை. 800 மீ. என்றால் அந்த ஆள் அடுத்த நாள் வரமாட்டார்.

ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். அலுவலகங்கள் நிறைந்த தெரு, 20 இடம். காலை 8 மணிக்கு 12 சைக்கிள் ஏற்கெனவே நிற்கின்றன. ஆள் வரத்து இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. 8.16-க்கு நிரம்பிவிட்டது. அதன்பின் வரும் ஒவ்வொருவரும் வேலைக்குத் தாமதம். லாரி அனுப்பி எடுக்கலாம் என்றால் அந்த நேரத்தில் லாரியே நெரிசலில் நிற்கும். விடை முந்தின இரவில் இருக்கிறது: அந்த ஸ்டேஷனை இரவோடு இரவாக இரண்டு மூன்று சைக்கிளுக்கு இறக்கி வைக்க வேண்டும். அப்போதும் போதாதென்றால் கூட்ட நேரத்தில் ஓர் ஆளை நிறுத்தி, நிரம்பிய பிறகு வரும் சைக்கிளை அவர் கையில் வாங்கி, பக்கத்தில் கயிறு கட்டிய இடத்துக்குள் அடுக்க வேண்டும். லாரி சுற்றுவதைவிட இது மலிவு. மேட்டு ஸ்டேஷன்கள் வேறு வகை: எடுத்துக்கொண்டு இறங்குவார்கள், ஏற்றிக் கொண்டுவர மாட்டார்கள். பாரிசில் உயரமான ஸ்டேஷனில் விட்டால் 15 நிமிடம் கூடுதலாக ஓட்டக் கொடுத்தார்கள்.

ஸ்டேஷனைத் தடத்தை ஒட்டியே வையுங்கள், பார்க்கிங் இடத்தில், நடைபாதையில் அல்ல. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏழெட்டு சைக்கிள் அடங்கும். சைக்கிளைப் பின்னோக்கி இழுத்துத்தான் வெளியே எடுப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்; பின்சக்கரம் நேராகக் கார் ஓடும் வழிக்குள் வரும்படி அமைத்தால் அது புது ஆபத்து. மின் இணைப்பு வேண்டிய ஸ்டேஷன் என்றால் அனுமதியும் குழி தோண்டலும் முடிய மாதக்கணக்காகும். பாரிஸ் 2018-ல் பழைய ஏற்பாட்டிலிருந்து புதியதற்கு மாறியபோது ஸ்டேஷன்களுக்கு மின்சாரம் வந்து சேராமலே நகரம் தவித்தது. சூரியத்தகடும் பேட்டரியும் வைத்த, தரையில் தோண்டாத ஸ்டேஷனை ஒரு நாளில் இறக்கிவிடலாம், சரியில்லையென்றால் தூக்கி மாற்றவும் செய்யலாம்.

ஸ்டேஷனே இல்லாமல் எங்கும் விட்டுப்போகும் முறை 2016, 2017-ல் சீனாவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றியது. பிறகு மலைபோல் குவிந்த சைக்கிள் கிடங்குகளின் படங்களை எல்லோரும் பார்த்தோம். அதை எடுப்பதானால் வாடிக்கையாளரின் வைப்புத்தொகை தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை முதலாவது. அடுத்தது நிறுத்துமிடம். உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். பத்திருபது மீட்டர் தவறும். சைக்கிள் குறித்த கட்டத்துக்குள் நிற்கிறதா, நடைபாதையின் குறுக்கே கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. தரையில் கட்டம் வரைந்து, அங்கேயே க்யூ.ஆர். பலகை வைத்து, அதை ஸ்கேன் செய்தால்தான் கட்டணம் ஓடுவது நிற்கும் என்று வைத்தால் ஒழுங்கு வரும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, பளபளப்பு தேவையில்லை. கால் தூக்காமல் ஏறும் தாழ்ந்த பிரேம், கழற்ற முடியாத சீட் கம்பி, உள்ளே மறைந்த பிரேக் கேபிள், முழுதாக மூடிய செயின், சக்கர மையத்தில் டைனமோ, நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் விளக்கு, சாதாரண ஸ்பேனர் பிடிக்காத போல்ட். எடை 20 கிலோவைத் தொடும், பரவாயில்லை. பஞ்சரானதைக் கண்டால் அடுத்தவருக்குத் தெரிய, பாரிஸ்காரர்கள் சீட்டைப் பின்பக்கம் திருப்பி வைப்பார்கள். நிர்வாகம் இதைக் கற்றுக்கொண்டு, திருப்பிய சீட்டைப் பார்த்தால் பூட்டி ஒதுக்கும்படி ஊழியர்களுக்குச் சொல்வது, செயலியில் புகார் பொத்தான் வைப்பதைவிட வேகமாக வேலை செய்யும். அது போக, மூன்று நிமிடத்துக்குள் எடுத்த இடத்திலேயே திரும்ப வந்த சைக்கிளை மென்பொருளே சந்தேகப் பட்டியலில் சேர்க்கட்டும்.

ஹெல்மெட் கட்டாயமென்றால் பகிர்வுத் திட்டம் தடுமாறும். மெல்போர்னில் 2010-ல் தொடங்கி 2019-ல் மூடினார்கள். அதற்குக் கட்டாயச் சட்டம் மட்டும் காரணமல்ல, ஆனால் நினைத்தவுடன் எடுத்து ஓட்டுகிறவர் கையில் ஹெல்மெட் இருக்காது என்பது மாறாது. அந்தச் சட்டமுள்ள நகரம் தடத்தின் தரத்தில்தான் அதிகம் முதலீடு செய்ய வேண்டும்.

திறப்பதற்கு முன்

விபத்து எண்ணிக்கையை வைத்து முதல் வருடமே தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு தெருவில் அது மிகச் சிறிய எண், தற்செயலாக ஏறும் இறங்கும். சைக்கிளின் எண்ணிக்கையை முன்பும் பின்பும் ஒரே மாதத்தில், ஒரே கிழமையில் எண்ணுங்கள். பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுங்கள். பயந்தவர்கள் வந்தார்களா என்பதைத்தான் அது சொல்லும்.

ஒப்பந்தக்காரரின் வண்டி கிளம்புவதற்கு முன் மூன்று பேரை ஓட்டச் சொல்லுங்கள்: ஒருவர் பகிர்வு சைக்கிளில், ஒருவர் பாரமேற்றிய மூன்று சக்கர வண்டியில், ஒருவர் பிள்ளையை ஏற்றிக்கொண்டு. ஒரு தடவை பகலில், ஒரு தடவை மழை இரவில். எங்கெல்லாம் கால் ஊன்ற நேர்ந்ததோ, எங்கெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்தார்களோ, அங்கே பெயின்ட்டில் ஒரு புள்ளி. மூன்று பேரின் புள்ளியும் விழுந்த இடத்தை அடைத்துவிட்டு, மறுபடி உடைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு வரி முதலிலேயே இருந்தால் சண்டை வராது.